உடைந்த ஜாடியில் வரி ரசீது: எகிப்தின் கிரேக்கப் பானையோடுகள்

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிராமக் கணக்கு வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். நிலவரி, தண்ணீர்த் தீர்வை, வீட்டு வரி என்று ரசீது எழுதி எழுதியே காலம் போனது. போன வாரம் ஒரு அருங்காட்சியகத்தின் படத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பானையோடு. மேலே கருப்பு மையில் ஆறு வரி கிரேக்க எழுத்து. எகிப்தில் தீபஸ் ஊர், கி.பி. முதல் நூற்றாண்டு, தலைவரி கட்டியதற்கான ரசீது என்று கீழே போட்டிருந்தார்கள்.

வெகுநேரம் அந்தப் படத்தை விட்டு நகர முடியவில்லை. கட்டியவர் பெயர், தகப்பன் பெயர், என்ன வரி, எவ்வளவு, எந்த அரசரின் எத்தனையாவது ஆண்டு, மாதம், தேதி. நான் எழுதிய ரசீதிலும் இதே விவரங்கள்தான், ஏறக்குறைய இதே வரிசையில். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு எழுத்தர் உடைந்த ஜாடித் துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, எதிரில் நிற்பவரிடம் "உன் அப்பா பேர் என்ன?" என்று கேட்பது எனக்கு அப்படியே காதில் விழுந்தது.

என் கேள்வி இதுதான். எழுதும் தாள் செய்கிற பாப்பிரஸ் நாணல் விளைந்த நாட்டில், அரசாங்க ரசீதை ஏன் பானையோட்டில் எழுதினார்கள்? பாப்பிரஸ் விலை அதிகம், ஆகவே ஓடு ஏழைகளின் காகிதம் என்று ஓரிடத்தில் படித்தேன். அது சரிதானா?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

வணக்கம் ஐயா. நான்கு வருடமாகக் கிரேக்கம் படித்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த ஓடுகளுக்கு ஆஸ்ட்ரகான் என்று பெயர், பன்மையில் ஆஸ்ட்ரகா. பழைய ஏதென்ஸில் ஒருவரை ஊரைவிட்டு விலக்கப் பெயரைக் கீறி வாக்களித்தார்களே, அதுவும் இதே சொல்தான். ஆனால் எகிப்தில் வாக்களிப்புக்கும் பானையோட்டுக்கும் சம்பந்தமில்லை. அங்கே இது அன்றாட எழுதுபொருள். வரி ரசீது, கடிதம், கணக்கு, பள்ளிப் பயிற்சி எல்லாம் இதில் வரும்.

காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால், அலெக்ஸாந்தர் கி.மு. 332-இல் எகிப்தைப் பிடித்தார். அவருக்குப் பின் தாலமி வம்சம் ஆண்டது. கி.மு. 30-இல் கிளியோபாட்ரா இறந்ததும் நாடு ரோமர் கைக்குப் போனது. ஆனால் ரோமர் காலத்திலும் அலுவலக மொழி கிரேக்கம்தான், இலத்தீன் பெரும்பாலும் படைக்குள் மட்டும். 640-களில் அரபியர் ஆட்சி வந்த பிறகும் பல பத்தாண்டுகள் கிரேக்கத்தில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஆக, ஆயிரம் வருடம்.

இவற்றை முதலில் ஒழுங்காகத் திரட்டியவர் உல்ரிக் வில்கென் என்ற ஜெர்மானியர். 1899-இல் இரண்டு தொகுதியாக, 1600-க்கும் மேற்பட்ட ஓடுகளைப் படித்து வெளியிட்டார். "இது குப்பை, இலக்கியம் இல்லை" என்று பலர் ஒதுக்கிய காலம் அது. அவரோ எந்தெந்த வரி, எந்த ஊரில், எந்த மாதத்தில் வசூலானது என்று ரசீது ரசீதாகப் பார்த்து, அந்த நாட்டின் வரி அமைப்பையே திரும்பக் கட்டினார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆமாம், பாப்பிரஸுக்குக் காசு வேண்டும், ஓடு சும்மா கிடைத்தது. ஸ்டோயிக் தத்துவவாதி கிளியாந்தீஸ் பற்றி ஒரு செய்தி உண்டு. இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துப் பிழைத்த அவர், ஏடு வாங்கக் காசில்லாமல் ஆசிரியர் சொன்னதைப் பானையோட்டிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்பிலும் எழுதி வைத்தாராம்.

---

கரணை எழுதியது:

பிரியன் தம்பி சொன்னதில் வரலாறு சரி. "ஏழைகளின் காகிதம்" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

நான் தொல்லியல் படித்தவள், இரண்டு மூன்று அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்திருக்கிறேன். பானையோட்டைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, எண் போடுவதிலேயே மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். ஒரு ஓடு எங்கே கிடந்தது என்பது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமான செய்தி.

கணக்குப்பிள்ளை ஐயா பார்த்த ரசீதை எழுதியவர் ஏழை இல்லை, வரி வசூல் அலுவலகம். அவர்களிடம் பாப்பிரஸ் வாங்கப் பணம் இல்லையா? மொத்தக் கணக்கையும் மேலிடத்துக்கு அனுப்பும் பட்டியலையும் பாப்பிரஸில்தான் எழுதினார்கள். குடிமகனிடம் கொடுக்கும் துண்டுச் சீட்டுக்கு மட்டும் ஓடு. அதுவும் எல்லா ஊரிலும் இல்லை. தீபஸ், எலிபன்டைன் என்று தெற்கே போனால் வரி ரசீது ஓட்டில் வருகிறது. வடக்கே ஃபயூம் வட்டாரத்தில் அதே தலைவரிக்கும் வாய்க்கால் கரை வரிக்கும் பாப்பிரஸில் ரசீது கொடுத்திருக்கிறார்கள். ஃபயூம்காரர் பணக்காரர், தீபஸ்காரர் ஏழை என்றா சொல்வது? இது அந்தந்த வட்டாரத்து அலுவலகப் பழக்கம்.

இந்தப் பழக்கத்தைக் கிரேக்கர் கொண்டுவரவும் இல்லை. அவர்கள் வருவதற்கு ஆயிரம் வருடம் முன்பே, அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த தேர் எல்-மதீனாவில் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானையோட்டிலும் எகிப்திய எழுத்தில் கணக்கு, வழக்கு, கடிதம் எல்லாம் எழுதிக் குவித்திருக்கிறார்கள். தெற்கு எகிப்தில் அது ஊறிப்போன வழக்கம். கிரேக்க எழுத்தர் வந்து அதே ஓட்டை எடுத்துக்கொண்டார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கரணை அம்மா, இது எனக்கு உடனே பிடிபடுகிறது. நாங்களும் பேரேட்டைத் தைத்த தடித்த புத்தகத்தில் எழுதுவோம். குடியானவரிடம் கிழித்துக் கொடுப்பது சின்னச் சீட்டு. சீட்டின் தாள் மட்டம் என்பதால் அதை யாரும் மட்டமாக நினைத்ததில்லை. அதை மடித்துத் தகரப் பெட்டியில் பத்திரம் கூடவே வைத்திருப்பார்கள். அடுத்த வருடம் "நீ போன வருடம் கட்டவில்லை" என்று யாராவது சொன்னால், எடுத்து நீட்ட அது ஒன்றுதான் உண்டு. என் கண் முன்னால் ஒரு பாட்டி பதினெட்டு வருட ரசீதை நூலில் கோத்துக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கட்டியதைக் கட்டவில்லை என்று ஏட்டில் எழுதியிருந்தார்கள். அந்தக் கோவையால்தான் அவர் தப்பினார்.

ஓடு கரையானுக்கு இரையாகாது, நனையாது, எலி கடிக்காது. ஆகவே ரசீதுக்கு ஓடு நல்ல தேர்வுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஆளின் பல வருட ரசீதுகள் சேர்ந்து கிடைத்திருக்கின்றனவா?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

கிடைத்திருக்கின்றன ஐயா. ஒரே ஆள், ஒரே குடும்பம் என்று பல வருட ரசீதுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடிந்திருக்கிறது. கரணை அக்கா சொன்ன வட்டார வேறுபாட்டையும் ஏற்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன்.

தொகை பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். தலைவரி ரோமர் ஆட்சியின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆண்கள் மட்டும், 14 வயதிலிருந்து ஏறத்தாழ 60 வயது வரை கட்ட வேண்டும். ரோமக் குடியுரிமை உள்ளவருக்கும் அலெக்ஸாந்திரியா நகரக் குடிமகனுக்கும் கிடையாது. ஊருக்கு ஊர் தொகை மாறும். எலிபன்டைன் பக்கம் முதலில் வருடத்துக்கு 16 டிராக்மா (கிரேக்க நாணயம்), ஃபயூமில் முழு விகிதம் 40 டிராக்மா. இது போக, நைல் வாய்க்கால் கரைகளைப் பராமரிக்க 6 டிராக்மா 4 ஓபோல் (டிராக்மாவின் சில்லறை). பொதுக் குளியல் கூடத்துக்கு ஒரு வரி. நெசவாளி போன்ற கைத்தொழிலாளருக்குத் தொழில் வரி. மொத்தமாகக் கட்ட முடியாமல் நான்கு, எட்டு என்று தவணையில் கட்டியிருப்பதால்தான் ஒரே ஆளுக்கு அத்தனை சீட்டு.

---

நிலா வாசகி எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் பள்ளித் தமிழாசிரியை. எழுத்து கிரேக்கம் என்றால் கட்டியவர்கள் கிரேக்கர்களா? உள்ளூர் மக்கள் என்ன எழுதினார்கள்?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

நல்ல கேள்வி டீச்சர். எழுத்து கிரேக்கம், பெயர்களில் பெரும்பாலானவை எகிப்தியம். பெயர்களை உடைத்துப் பார்த்தாலே தெரியும். "ப்செ" என்று தொடங்கினால் "இன்னாரின் மகன்" என்று பொருள். ப்செனமூனிஸ் என்றால் அமோன் கடவுளின் மகன். "சென்" என்று தொடங்கினால் மகள். "பெத்தே" என்று தொடங்கினால் அந்தக் கடவுள் தந்த பிள்ளை. பெத்தோசிரிஸ், ஒசிரிஸ் தந்தவன். நம் ஊரில் பழநிசாமி, மாரியம்மாள் என்று குலதெய்வத்தின் பெயரை வைப்பதைப் போலத்தான், பெயரிலிருந்தே அந்த ஊர்க் கோயில் எது என்று ஊகிக்கலாம்.

உள்ளூர் மக்களுக்குத் தெமோட்டிக் என்ற எழுத்து இருந்தது, வலமிருந்து இடமாக ஓடுவது. தாலமி காலத்தில் தெமோட்டிக்கில் ரசீது எழுதி அடியில் கிரேக்கத்தில் ஒரு வரி சேர்த்த ஓடுகள் உண்டு. ஃபயூமில் நர்முத்திஸ் என்ற ஊரில், இன்று மதீனத் மாதி, 1938-இல் ஏறத்தாழ 1500 ஓடுகள் ஒன்றாகக் கிடைத்தன. கோயில் சார்ந்தவர்கள் எழுதியவை. அவற்றில் சிலவற்றில் தெமோட்டிக் வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு கிரேக்கச் சொல் இடமிருந்து வலமாக வரும், பிறகு தெமோட்டிக் தொடரும். அலுவலகச் சொல்லுக்குத் தாய்மொழியில் வேறு சொல் தேடாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

பின்னால், கிறித்தவம் பரவிய காலத்தில் எகிப்திய மொழியையே கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குத் தெமோட்டிக்கிலிருந்து சில எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் காப்டிக். தீபஸ் மலையடிவார மடங்களில் துறவிகள் எழுதிய காப்டிக் ஓடுகளைப் பார்த்தால், முதல் பார்வைக்குக் கிரேக்கம் என்றே தோன்றும்.

---

நிலா வாசகி எழுதியது:

பள்ளிப் பயிற்சி என்று சொன்னீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

கரணை எழுதியது:

இதை நான் சொல்கிறேன் டீச்சர், எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நைல் மேற்குக்கரையில் சோஹாக் அருகே அத்ரிபிஸ் என்ற ஊர். ஜெர்மனியின் தூபிங்கன் பல்கலைக்கழகமும் எகிப்தியத் தொல்லியல் துறையும் அங்கே தோண்டுகின்றன. 18,000-க்கும் மேற்பட்ட எழுத்தோடுகள் கிடைத்ததாக 2022-இல் அறிவித்தார்கள். பெரும்பான்மை தெமோட்டிக், கூடவே கிரேக்கம், காப்டிக், அரபி. பெரிய தொகுதி மாணவர்கள் எழுதியது. மாதப் பெயர், எண், கணக்கு, இலக்கணம். சில நூறு ஓடுகளில் ஒரே குறி முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. தவறு செய்த பிள்ளைக்குக் கொடுத்த இம்போசிஷன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கிரேக்கப் பள்ளி ஓடுகளில் அகரவரிசை, அசைப் பயிற்சி, பழங்கவிஞர் ஹோமரின் தொடக்க வரிகள் எல்லாம் வரும். எலிபன்டைனில் கிடைத்த ஒரு சிறு தொகுதி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கணிதம். வட்டத்துக்குள் ஐங்கோணம் வரைவது, இருபது முக்கோண முகங்கள் கொண்ட திண்ம உருவம் அமைப்பது என்று வடிவியல் அறிஞர் யூக்ளிட் கையாண்ட விஷயங்கள். எகிப்தின் தென்கோடித் தீவில் உட்கார்ந்து ஒருவர் அதைப் பானையோட்டில் வரைந்து பார்த்திருக்கிறார்.

அப்புறம் பழைய கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோ. அவருடைய கவிதைகளில் மிகப் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆப்பிள் மரத் தோப்பும் குளிர்ந்த ஓடை நீரும் உள்ள கோயிலுக்குக் காதல் தெய்வம் அஃப்ரொதீத்தியை அழைக்கும் ஒரு பாட்டு, எகிப்தில் கிடைத்த பானையோட்டினால்தான் நமக்குக் கிடைத்தது. மெதேயா நோர்சா என்ற இத்தாலியப் பெண் அறிஞர் 1937-இல் அதை வெளியிட்டார். யாரோ சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியது போலப் பிழை மலிந்த எழுத்து. அந்தப் பிழைகளோடு வந்ததையே பொக்கிஷமாகப் படிக்கிறோம்.

---

நிலா வாசகி எழுதியது:

தாலமி காலத்தில் உப்பு வரி என்று ஒன்று இருந்ததாகவும், அதில் எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு விலக்கு உண்டு என்றும் எங்கோ படித்த நினைவு. உண்மையா?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

உண்மை. உப்பு வரி ஆண், பெண் இருவருக்கும். இரண்டாம் தாலமி காலத்தில் ஆரம்ப விகிதம் ஆணுக்கு ஒன்றரை டிராக்மா, பெண்ணுக்கு ஒரு டிராக்மா. கிரேக்க எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் விலக்கு அளித்தார்கள். கிரேக்கக் கல்வியை வளர்க்கத்தான். உள்ளூர் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

கடலோடி எழுதியது:

எல்லோரும் வரியிலேயே நிற்கிறீர்களே! செங்கடல் துறைமுகங்களில் தமிழ் எழுதிய பானையோடுகளே கிடைத்திருக்கின்றன. அப்படியென்றால் அங்கே போன நம் வணிகர்கள் கிரேக்கத்திலும் ஓடு எழுதியிருப்பார்கள் அல்லவா? எகிப்துக்கு ஓட்டில் எழுதக் கற்றுக்கொடுத்ததே நாமாக இருக்கலாம்.

---

கரணை எழுதியது:

கடலோடி தம்பி, உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு. அதனாலேயே பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன்.

கிடைத்தவை இவை. குசேர் அல்-கதீம், அதாவது பழைய மையோஸ் ஹார்மோஸ் துறையில், கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறிய ஓடுகள். அங்கேயே பிற்பாடு இன்னொரு ஓட்டில் "பானை ஒறி", உறியில் தொங்கவிடும் பானை என்ற பொருளில். பெரனிகேவில் கொற்றபூமான் என்று ஐராவதம் மகாதேவன் படித்த பெயர், 1995-இல் கிடைத்தது. எல்லாமே தமிழ் எழுத்து, பானையின் மேல் கீறியது. தன் பாண்டம் என்று அடையாளம் வைப்பது போல.

கிரேக்க ஓடு வேறு வகை. அது மையில் எழுதியது. பானை உடைந்த பிறகு துண்டை எடுத்துக் காகிதமாகப் பயன்படுத்தியது. புகைக்கரியும் பிசினும் கலந்த மை, நாணல் பேனா. நம் அகழாய்வுகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முழுப் பானையில் கீறிய பெயர்கள், அந்தப் பானை பின்னால் உடைந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே புரியாமல் போகும். ஓட்டில் எழுதும் வழக்கம் எகிப்தில் நாம் யாரும் போவதற்கு ஆயிரம் வருடம் முன்பே இருந்தது என்பதையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அது கிரேக்க ஓட்டிலேயே இருக்கிறது. பெரனிகே ஊரின் பழைய குப்பைமேட்டில் கி.பி. முதல் நூற்றாண்டின் சுங்க வாயில் அனுமதிச் சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. "வாயிலில் இருப்பவருக்கு: இன்னாருக்காக இத்தனை ஜாடியை விடவும்" என்ற மாதிரி. பெரும்பாலும் திராட்சை மது, அதிலும் இத்தாலிய மது பெயரோடு வருகிறது. கப்பலில் ஏற்றுவதற்காகத் துறைக்குள் போன சரக்கு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் குடித்ததைப் புறநானூறு பாடுகிறது. அந்த வாணிகத்தின் கேட் பாஸ் பெரனிகே குப்பையில் கிடக்கிறது. அதே ஊரின் செராபிஸ் கோயிலில் இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது.

---

கடலோடி எழுதியது:

நன்றி அக்கா. கீறலும் மையும் வேறு என்று இப்போதுதான் புரிகிறது. "கேட் பாஸ்" என்றதும் சிலிர்த்துவிட்டது, என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நைலிலிருந்து பெரனிகே வரை அந்தச் சரக்கு எப்படிப் போனது?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

ஒட்டகத்திலும் கழுதையிலும். கோப்டோஸ் என்ற நைல் கரை ஊரிலிருந்து பாலைவனம் கடந்து மையோஸ் ஹார்மோஸுக்கும் பெரனிகேவுக்கும் பாதைகள். நிக்கானோர் என்பவரின் குடும்பம் இந்தப் பாதையில் சுமை ஏற்றும் தொழில் நடத்தியது. கி.மு. 18 வாக்கில் தொடங்கி கி.பி. 69 வரை, மூன்று தலைமுறைக்கு, அவர்களுடைய சரக்கு ஒப்படைப்பு ரசீதுகள் ஏறத்தாழ 90 ஓடுகளில் இருக்கின்றன. கோதுமை, மது, மற்ற பொருள்கள். துறைமுகத்தில் சரக்கைப் பெற்றவர் "உன்னிடமிருந்து இன்னது வந்தது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் லாரி ஓட்டுநர் சரக்கை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கி வருகிற சலான் அதுதான்.

---

கரணை எழுதியது:

அந்தப் பாலைவனத்தைப் பற்றியே தனி இழை போடலாம். அங்கேதான் "ஏழைகளின் காகிதம்" என்ற வாதம் முழுசாக விழுகிறது.

மோன்ஸ் கிளாவ்தியானுஸ் என்று ஒரு கல் குவாரி. ரோமில் உள்ள பாந்தியோன் கோயிலின் முன்மண்டபத்துச் சாம்பல் நிறத் தூண்கள் அங்கே வெட்டியவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். மரம் இல்லை, வயல் இல்லை, கிணற்றுத் தண்ணீர் மட்டும். 1987 முதல் 1993 வரை தோண்டியபோது 9,000-க்கும் மேற்பட்ட ஓடுகள் கிடைத்தன. ஒரு ஓட்டில் அன்றைக்குத் தண்ணீர் பங்கிட வேண்டியவர்களின் பட்டியல், 900 பேருக்கு மேல். கல்தச்சர், கொல்லர், காவலர் என்று வகைவகையாக. பேரரசருடைய குவாரிக்குப் பாப்பிரஸ் வாங்க வக்கில்லாமல் இல்லை. பாலைவனத்தில் காலி மது ஜாடிகள் குவிந்து கிடந்தன, கையெட்டும் தூரத்தில் இருந்தது அதுதான்.

உள்ளூரின் தேர்ந்த தொழிலாளருக்கு மாதம் 47 டிராக்மா சம்பளம், கூடவே ஒரு ஆர்த்தபா (தானிய அளவு) கோதுமை. குடும்பம் நைல் பள்ளத்தாக்கில் இருக்கும். ஆகவே மாதாமாதம் ஒவ்வொருவரும் ஓட்டில் எழுதிக்கொடுப்பார்கள்: என் கோதுமையை வீட்டில் இன்னாரிடம் கொடு, என் பணத்தில் எண்ணெய், வெங்காயம், பருப்பு வாங்கி அனுப்பு. வெளிநாட்டில் கட்டட வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன் அதைப் படித்தபோது.

கோப்டோஸிலிருந்து போகும் பாதையில் குரோகோதிலோ என்ற சிறு கோட்டை. அங்கே கிடைத்த ஒரு பெரிய ஜாடித் துண்டில் கி.பி. 118-இல் நடந்த தாக்குதலைப் பற்றிய சுற்றறிக்கையின் நகல் இருக்கிறது. பத்குவா என்ற காவல் நிலையத்தை 60 பேர் தாக்கினார்கள். பிற்பகலிலிருந்து இருட்டிய பிறகும் சண்டை, விடியும்வரை முற்றுகை. ஒரு படைவீரர் கொல்லப்பட்டார், ஒரு பெண்ணையும் குழந்தைகளையும் பிடித்துச் சென்றார்கள். எந்த ரோம வரலாற்று நூலிலும் இந்தச் சண்டை இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஜாடித் துண்டுதான்.

---

கடலோடி எழுதியது:

இப்படிப்பட்ட ஓடு ஒன்று ஒரு வெளிநாட்டு ஏலத் தளத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. "கிரேக்க எழுத்துள்ள எகிப்திய ஓடு, பழைய சேகரிப்பிலிருந்து" என்று போட்டிருக்கிறார்கள். விலை ஒரு நல்ல கைப்பேசி அளவுதான். வாங்கி நம் ஊரிலேயே ஒரு பள்ளிக்குக் கொடுக்கலாமா?

---

கரணை எழுதியது:

வேண்டாம் தம்பி. மனசு நல்லதுதான், ஆனால் வேண்டாம்.

1983-ஆம் ஆண்டின் 117-ஆம் சட்டப்படி எகிப்தில் தொல்பொருள் வியாபாரமே தடை. "பழைய சேகரிப்பு" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் எழுதலாம். 19-ஆம் நூற்றாண்டில் பழைய ஊர் மேடுகளைத் தோண்டி மண்ணை வயலுக்கு உரமாக அள்ளினார்கள். அந்த மண்ணுக்குள் கிடந்த ஓடுகள் வியாபாரிகள் வழியாகப் பத்து நாடுகளுக்குச் சிதறின. நிக்கானோர் ஓடுகளும் அப்படிச் சந்தை வழியாக வந்தவைதான். எந்த வீட்டில், எந்த அறையில், எந்த ஜாடிக்குள் வைத்திருந்தார்கள் என்பது போயே போய்விட்டது. மோன்ஸ் கிளாவ்தியானுஸில் குப்பைமேட்டை அடுக்கு அடுக்காக எடுத்ததால்தான் எந்தக் கடிதம் எந்த ஆண்டுக் குப்பையோடு கிடந்தது என்று சொல்ல முடிகிறது.

நீங்கள் ஒன்று வாங்கினால், அதற்குப் பின்னால் இன்னொருவன் இரவில் மண்வெட்டியோடு போவான். எழுத்தில்லாத ஓட்டை உடைத்து எறிவான். ஒரு குழியில் உட்கார்ந்து ஓடு கழுவியவளாகக் கெஞ்சிக் கேட்கிறேன்.

---

கடலோடி எழுதியது:

சரி அக்கா, வாங்கவில்லை. அந்தப் பக்கத்தையும் மூடிவிட்டேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்லது தம்பி.

பிரியன், எனக்கு ஒரே ஒரு ரசீதையாவது நானே படிக்க ஆசை. இந்த வயதில் முடியுமா? எங்கே தொடங்குவது?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

நிச்சயம் முடியும் ஐயா. ரசீது படிக்க முழுக் கிரேக்கம் வேண்டாம், 24 எழுத்தும் எண் முறையும் போதும். கிரேக்கர் எண்ணுக்கும் எழுத்தையே பயன்படுத்தினார்கள், பழைய தமிழ் எண்களைப் போலத்தான்: ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3, யோட்டா 10.

முதலில் ஆண்டுக் குறியைத் தேடுங்கள். ஆங்கில எல் போல ஒரு மடிந்த கோடு இருக்கும், அதற்கு "ஆண்டு" என்று பொருள். பக்கத்தில் உள்ள எழுத்து எத்தனையாவது ஆண்டு என்பது. அடுத்து அரசர் பெயர், திபேரியுஸ், நீரோ, திராயானுஸ் என்று நீளமாக ஓடும். பிறகு மாதம். மாதங்கள் எகிப்திய மாதங்கள்: தோத், பாவோஃபி, ஹதீர், கொயாக், தூபி, மெகீர், ஃபமெனோத், ஃபர்முதி, பாகோன், பாவ்னி, எபீஃப், மெசோரே. எழுத்தர்கள் பாதிச் சொல்லில் நிறுத்தி, கடைசி எழுத்தை மேலே தூக்கி எழுதுவார்கள். தினமும் நூறு ரசீது எழுதிய கைக்கு அது போதும். வெளியீடுகளில் இப்படி நிரப்பிய பகுதியை வளைவு அடைப்புக்குறியிலும், உடைந்து போனதைச் சதுர அடைப்புக்குறியிலும், ஐயமான எழுத்துக்குக் கீழே புள்ளியிட்டும் காட்டுவார்கள்.

ஓடுகளின் படமும் அறிஞர்கள் படித்தெழுதிய வாசகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மங்கிய மையாக இருந்தால் அகச்சிவப்புப் படத்தைப் பாருங்கள், கரி மை அதில் பளிச்சென்று தெரியும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். அந்தப் பழைய படத்தையே எடுத்துப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் ஆண்டுக் குறி கிடைத்தது. நேற்று இரவு பை, ஆல்ஃபா, உப்சிலோன் என்று ஒவ்வொன்றாக வந்து, பாவ்னி என்று படித்துவிட்டேன். பக்கத்திலேயே யோட்டா, பீட்டா. பன்னிரண்டாம் தேதி. வெளியீட்டைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

பாவ்னி எந்தக் காலம்? பன்னிரண்டு மாதம் என்றீர்கள், ஆளுக்கு முப்பது நாள் என்றால் கணக்கு உதைக்கிறதே. மீதி ஐந்து நாள் எங்கே?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

வாழ்த்துகள் ஐயா! பாவ்னி, ரோமர் காலத்து நாள்காட்டியில் மே கடைசியிலிருந்து ஜூன் கடைசிவரை. அறுவடை முடிந்து களம் காலியாகும் நேரம், கையில் காசு இருக்கும்.

மீதி ஐந்து நாள் மெசோரேவுக்குப் பின்னால் தனியாக வரும், எந்த மாதத்திலும் சேராது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஆறு நாள். அது முடிந்ததும் தோத் முதல் தேதி, புத்தாண்டு.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த ஐந்து நாளிலாவது வசூல்காரருக்கு விடுமுறை உண்டா?

---

பாப்பிரஸ் பிரியன் எழுதியது:

இல்லை ஐயா. அந்த நாள்களின் தேதியிட்ட ரசீதுகளும் கிடைத்திருக்கின்றன.